மயிலுக்கு உண்டு, காளைக்கு இல்லை!

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில், முருகன் கோவில் மலையைச் சுற்றி மயில்கள் உலவும். தை பிறந்தால் அதே மாவட்டத்தில் ஜல்லிக்கட்டுக் காளைகள் சீறிப் பாயும்.

மயிலின் ரத்தமும் சிவப்பு. காளையின் ரத்தமும் சிவப்பு. ஆனால் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு!

மயிலின் சிவப்பு அணு முட்டை வடிவமாக இருக்கும். அதன் நடுவே, பழத்துக்குள் கொட்டை போல, "உட்கரு" இருக்கும். காளையின் சிவப்பு அணுவில் அது இல்லை. நமக்கும் இல்லை. பாலூட்டும் பிராணிகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

உட்கரு எங்கே போயிற்று?

சிவப்பு அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. ரத்தத்தில் இறங்குமுன் உட்கருவை வெளியே தள்ளி விடுகின்றன. இதனால் இடம் மிச்சம். உள்ளே "ஹீமோகுளோபின்" என்ற சிவப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. மனிதனின் ஓர் அணுவில் அதன் மூலக்கூறுகள் சுமார் 27 கோடி! அதிலுள்ள இரும்புதான் பிராணவாயுவைப் பற்றிக் கொள்கிறது.

வடை போன்ற வடிவம்

ஓட்டை விழாமல், இருபுறமும் நடுவில் அழுத்திய வடையை நினைத்துக் கொள்ளுங்கள். நமது சிவப்பு அணு அப்படித்தான் இருக்கும். மெல்லிய தட்டு என்பதால் பிராணவாயு சட்டென்று உள்ளே போகும். சட்டென்று வெளியே வரும். தன்னை விடக் குறுகிய ரத்தக் குழாயிலும் அது வளைந்து நெளிந்து புகுந்து விடும்.

இன்னொரு அதிசயம்! சுமந்து செல்லும் பிராணவாயுவில் தனக்கென்று அது துளியும் எடுப்பதில்லை. பிராணவாயு இல்லாமலே சர்க்கரையில் இருந்து சக்தி பெறுகிறது.

120 நாள் ஆயுள்

உட்கரு இல்லாததால், அந்த அணுவால் தன்னைப் பழுது பார்த்துக் கொள்ள முடியாது. சுமார் 120 நாளில் அழிந்து விடும். ஆகவே நம் உடலில் வினாடிக்குச் சுமார் 20 லட்சம் புது அணுக்கள் பிறக்க வேண்டும். அதற்கு இரும்புச் சத்து தேவை. அது குறைந்தால் சோகை! மூச்சு வாங்கும், தலை சுற்றும், முகம் வெளிறும். கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து டாக்டர் ஆனார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு வழங்கும் நிதி உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன், இறைச்சி ஆகியவற்றில் இரும்புச் சத்து உண்டு. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அது உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது.

தாய்மார்களே! ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால், மாடத்தில் வைத்து மறந்து விடாதீர்கள்!