அடைமழை மாதங்களில் பாத்ரூமில் பூஞ்சை ஏன்? எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் வீடுகளில் இரண்டு விஷயம் காயாது. ஒன்று கொடியில் போட்ட துணி, இன்னொன்று பாத்ரூம் தரை. இன்று காலை குளித்த ஈரம் மறுநாள் குளிக்கப் போகும்போதும் அப்படியே இருக்கும். பத்தே நாளில் டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் புள்ளிகள், கதவின் அடியில் பூசணம், உள்ளே நுழைந்தாலே ஒரு மக்கல் வாடை. கடைக்கு ஓடி ஒரு லிக்விட் வாங்கி ஊற்றித் தேய்த்தால் ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும். அடுத்த வாரம் மறுபடியும் அதே கறுப்பு.

"தெனமும்தான் தேய்க்கிறோம், அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்காத வீடு இல்லை. காரணம் எளிது. பூஞ்சைக்கு அழுக்கைவிட முக்கியமாகத் தேவைப்படுவது ஈரம். தேய்த்த பிறகும் தரை காயவில்லை என்றால், சுத்தம் செய்த பாத்ரூமிலும் அது வளரும்.

நெல்லுக்கும் சுவருக்கும் ஒரே கணக்கு

டெல்டாக்காரர்களுக்கு ஈரப்பதம் என்பது புதிய வார்த்தை அல்ல. அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் முதலில் பார்ப்பது அதைத்தான். வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை பெய்யும் ஆண்டுகளில் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும் வழக்கம். ஈர நெல்லைக் குவித்துவைத்தால் சூடேறும், நிறம் மாறும், பூசணம் பிடிக்கும். தஞ்சாவூரில் இன்று இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொடக்கமே இந்தப் பிரச்சினைதான். 1960களின் இறுதியில் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில், மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்ற வழி தேடும் ஆய்வுக்கூடமாகத்தான் அது ஆரம்பித்தது.

நெல்லை யாரும் மருந்து ஊற்றிக் காப்பாற்றுவதில்லை. பரப்புகிறார்கள், கிளறிவிடுகிறார்கள், காற்றுப் படவைக்கிறார்கள். பாத்ரூமுக்கும் அதே கணக்குதான். பூஞ்சையின் விதைத்துகள்கள் காற்றில் எப்போதும் இருக்கின்றன, அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க முடியாது. சோப்புப் படிவு, உடம்பு எண்ணெய், பெயின்ட், மரக்கதவு என்று அவற்றுக்கு வேண்டிய சாப்பாடும் பாத்ரூமிலேயே இருக்கிறது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

டெல்டாவில் மட்டும் ஏன் இவ்வளவு?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. டெல்டா மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். அதே மாதங்களில் சுற்றிலும் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கும், வாய்க்கால் ஓடும், வெயில் நாள்கணக்கில் எட்டிப் பார்க்காது.

மேலே மழை என்றால் கீழே நிலத்தடி நீர். வண்டல் மண்ணில் நீர்மட்டம் மேலேறும்போது, அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு சரியாக இல்லாத சுவர்கள் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். இதைத்தான் "செவுரு ஓதம் அடிக்குது" என்கிறார்கள். உறிஞ்சு குழி வைத்த வீடுகளில் இன்னொரு தொல்லை. சுற்றியுள்ள மண்ணே ஊறிப்போயிருக்கும்போது குழி தண்ணீர் இழுக்காது. குளித்த தண்ணீர் மெதுவாகத்தான் போகும், தரை மூலைகளில் தேங்கும்.

வீட்டின் அமைப்பும் மாறியிருக்கிறது. பழைய தஞ்சாவூர் வீடுகளில் குளியல் என்பது கொல்லையில், கிணற்றடியில். திறந்தவெளி, காற்று, பக்கத்திலேயே தண்ணீர் பாயும் வாழை. சுவருக்கு அடித்ததோ சுண்ணாம்பு. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. இன்று அதே குளியல், படுக்கையறையை ஒட்டிய ஐந்துக்கு எட்டு அடி அறைக்குள் வந்துவிட்டது. ஒரு சின்ன வென்டிலேட்டர், அதுவும் பல வீடுகளில் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைக்கப்பட்டிருக்கும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, பாத்ரூமுக்கு வெளிக்காற்று வரும் திறப்பு குறைந்தது 0.37 சதுர மீட்டர், அதாவது சுமார் 4 சதுர அடி இருக்க வேண்டும் என்கிறது. அட்டைக்குப் பதில் கொசுவலை அடித்தால் கொசுவும் வராது, காற்றும் நிற்காது.

கறுப்பு, பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை: எது பூஞ்சை?

பாத்ரூமில் தெரியும் எல்லாக் கறையும் பூஞ்சை அல்ல.

கறுப்பு அல்லது கரும்பச்சைப் புள்ளிகள், சீலிங், டைல்ஸ் இடுக்கு, வாஷ்பேசின் ஓரத்து சிலிக்கான் பட்டை ஆகிய இடங்களில் வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை.

தரையில் வழுவழுப்பான பச்சை என்றால் பாசி. வெளிச்சமும் தேங்கிய தண்ணீரும் சேரும் இடத்தில் வரும். வழுக்கி விழவைப்பது இதுதான்.

வாளியின் அடி, குழாய் ஓரம், சோப்பு டப்பாவில் இளஞ்சிவப்பு வழவழப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா படலம். சோப்பு போட்டுத் தேய்த்து, காயவைத்தால் போதும்.

சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் தூள் என்றால் அது உப்புப் பூத்தல். சுவருக்குள் ஏறிய ஈரம் காயும்போது விட்டுச்செல்லும் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கரையும், பூஞ்சை கரையாது. உப்புப் பூத்த சுவரை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, ஓதத்தை நிறுத்த வேண்டும்.

வைப்பரா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்துக்கு எட்டு அடி பாத்ரூமின் தரை 40 சதுர அடி. குளித்த பிறகு அதில் அரை மில்லிமீட்டர் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 2 லிட்டர். அந்த அறை 9 அடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 10 கனமீட்டர். 28 டிகிரியில் அந்தக் காற்று முழுசாக நிறைந்தாலும் தாங்கும் நீராவி கால் லிட்டர் சொச்சம்தான்.

மழைநாளில் வெளியே இருந்து வரும் காற்றும் ஏற்கெனவே ஈரமானது. அதனால் அறையின் காற்றை ஒரு முறை முழுசாக மாற்றினால் வெளியேறும் ஈரம் சுமார் 65 கிராம்தான். தரையில் நிற்கும் 2 லிட்டரையும் காற்று வழியாக அனுப்ப, அறையின் காற்றைச் சுமார் 30 முறை மாற்ற வேண்டும். மணிக்கு எட்டு முறை காற்றை மாற்றும் ஃபேன் என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம் ஓட வேண்டும். அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேர் குளித்து முடித்திருப்பார்கள்.

இதே 2 லிட்டரில் பெரும்பகுதியை ஒரு வைப்பர் ஒரு நிமிடத்தில் வடிகாலுக்குத் தள்ளிவிடும். அதனால் வைப்பர் முதலில், ஃபேன் அடுத்து. தள்ளிய பிறகு மிச்சமிருக்கும் மெல்லிய ஈரத்தைக் காயவைக்கத்தான் ஃபேன்.

ஃபேன் ஓடும்போது கதவை இறுகச் சாத்தி வைத்தாலும் பலன் குறையும். வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவைக் கொஞ்சம் திறந்துவைக்கலாம், அல்லது கதவின் அடியில் விரல் அளவு இடைவெளி இருக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத வீட்டில், பாத்ரூமுக்கு வெளியே காய்ந்த இடத்தில் டேபிள் ஃபேனை வைத்து உள்ளே பார்த்துத் திருப்பிவிடலாம். ஈரத் தரையில் ஃபேனையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ வைக்கவே கூடாது.

வெளியே மழை, ஜன்னலைத் திறக்கலாமா?

"வெளிய இருக்குற ஈரமும் உள்ள வந்துடும்" என்று பலர் மழைநாளில் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். சாரல் நேராக அடிக்காதவரை திறப்பதே நல்லது. வெளியே 24 டிகிரியில் 95 சதவீத ஈரத்துடன் இருக்கும் காற்று, 28 டிகிரி உள்ள அறைக்குள் வந்து சூடேறினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீத அளவுக்கு இறங்கும். சுடுதண்ணீரில் குளித்து முடித்த அறைக்குள் இருப்பதோ கிட்டத்தட்ட 100. ஆக, மழைக்காற்றும் கொஞ்சம் காயவைக்கும், மெதுவாக. புயல் நாள்களில் கரன்ட் போனால் கைகொடுப்பதும் இந்த ஜன்னல்தான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன.

சமூக ஊடகங்களில் சொல்லப்படும் கல்லுப்புக் கிண்ணம்? ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு கிண்ண உப்பு இழுக்கும் அளவு, தரையில் நிற்கும் லிட்டர் கணக்குக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்துருண்டையும் ரூம் ஃப்ரெஷ்னரும் வாடையை மறைக்குமே தவிர, ஈரத்தை எடுக்காது.

உடம்புக்கு என்ன ஆகும்?

ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா தீவிரமாவது ஆகியவை அதிகம் காணப்படுவதாக உலக சுகாதார அமைப்பு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இவ்வளவு பூஞ்சை வரை பரவாயில்லை என்று அது எந்த அளவையும் வரையறுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதே வழி என்பதுதான் அதன் பரிந்துரை. குழந்தைகள், வயதானவர்கள், வீசிங் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வசித்த 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் சுவாசக் கோளாறால் இறந்தது. நீண்ட காலம் பூஞ்சைக்கு ஆளானதே காரணம் என்று 2022-ல் விசாரணையில் முடிவானது. அந்தக் குழந்தையின் பெயரில் வந்த 'அவாப் சட்டம்', சமூகக் குடியிருப்புகளில் அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. 2025 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது.

தேய்க்கும்போது செய்யக் கூடாதது

டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடரை அதோடு சேர்த்தால் குளோரின் வாயு வெளிவரும். "ரெண்டையும் சேத்துப் போட்டா சீக்கிரம் போகும்" என்று மூடிய பாத்ரூமுக்குள் கலப்பது உயிருக்கே ஆபத்து. வினிகரோடும் ப்ளீச்சிங் பவுடரைக் கலக்கக் கூடாது. தவறிக் கலந்து கண் எரிந்தால், மூச்சடைத்தால், கழுவிவிட நிற்காமல் உடனே வெளியே வர வேண்டும். மூச்சுத் திணறல் தொடர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

டைல்ஸில் சின்ன அளவில் இருக்கும் பூஞ்சைக்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். மாஸ்க், கையுறை போட்டு, ஈரப்படுத்தியே தேய்க்க வேண்டும். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் துகள்கள் காற்றில் பறக்கும். தேய்த்துக் கழுவிய பின் கட்டாயம் காயவைக்க வேண்டும். சீலிங்கில் பூஞ்சை இருக்கும்போது அதன் மேலேயே பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

காயவைத்தும் திரும்ப வருகிறதா?

அப்படியானால் தண்ணீர் வேறு எங்கிருந்தோ வருகிறது. கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஓதம் தெரியும் சுவரில் ஒரு கண்ணாடிப் பாலித்தீன் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் அறைக் காற்றின் ஈரம்.

சுவருக்குள்ளிருந்து என்றால் குழாய்க் கசிவு, டைல்ஸ் இடுக்கு திறந்திருப்பது, வடிகால் வாயைச் சுற்றி விரிசல், மேல்மாடி பாத்ரூமின் வாட்டர் ப்ரூஃபிங் போனது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அதற்கு பிளம்பர் வேண்டும், லிக்விட் அல்ல.

வாடகை வீட்டில் இந்தச் செலவு யாருடையது? 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது ஆகியவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. டேப் வாஷர் மாற்றுவது, வடிகால் அடைப்பை எடுப்பது போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. ஓதத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில் உதவும்.

மழைக்காலம் முடியும்வரை தினசரி

• கடைசியாகக் குளிப்பவர் சுவரின் கீழ்ப்பகுதியையும் தரையையும் வைப்பர் போட்டுத் தள்ளிவிட்டு வர வேண்டும். முறை போட்டுக்கொண்டால் ஒருவர் தலையில் விழாது.

• ஈரத் துண்டு, மிதியடி, துவைக்க வேண்டிய துணி எதையும் பாத்ரூமுக்குள் போட்டுவைக்கக் கூடாது.

• வாளியையும் மக்கையும் கவிழ்த்து வைக்கலாம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடுவதும் இதனால் தவிரும்.

• ஷாம்பு, சோப்பு டப்பாக்களைத் தரையில் வைக்காமல் மாட்டிவைத்தால் அடியில் ஈரம் நிற்காது.

• வாரம் ஒரு முறை வடிகால் சல்லடையைத் தூக்கி முடி, சோப்புக் கசடை எடுத்துவிட வேண்டும்.

• குளித்த பிறகு கதவை ஒருக்களித்துத் திறந்துவைக்க வேண்டும். ஃபேன் இருந்தால் தரை தொட்டுப் பார்த்துக் காயும்வரை ஓடட்டும்.