ஏலக்காய்க்கு லிட்டர் எடை, கணிப்பொறிக்கு?

"முதல் தரமான சரக்கு" என்ற பேச்சை மட்டும் கேட்டு ஏலக்காய் வியாபாரி விலை சொல்லிவிடுவதில்லை. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் காய் எத்தனை மில்லிமீட்டர் பருமன் என்று பார்ப்பார்கள். ஒரு லிட்டர் கொள்ளளவுக் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்றும் நிறுப்பார்கள். அக்மார்க் தரங்களுள் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்று ஒன்று உண்டு. பெயர் பகட்டாகத் தோன்றினாலும் அதற்குப் பின்னால் அளவு இருக்கிறது: பருமன் 7 மில்லிமீட்டர், லிட்டர் எடை 435 கிராம்.

கணிப்பொறி விளம்பரங்களில் வரும் 'ஸ்மார்ட்', 'அடுத்த தலைமுறை' போன்ற சொற்களுக்குப் பின்னால் என்ன அளவு இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அளக்க முடியாத சொல்லைப் பொய் என்று காட்டவும் முடியாது. விற்பவருக்கு அதுவே வசதி.

எண் இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். 'இணைய வேகம் 100 வரை' என்றால், அது விநாடிக்கு 100 மெகாபிட். நாம் கோப்புகளை அளப்பதோ மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே உச்ச வேகமே விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். 'வரை' என்ற சொல் உச்சத்தைக் கூறுகிறதேயன்றி, குறைந்த அளவு எவ்வளவு என்று கூறுவதில்லை.

'கிளவுட்', அதாவது மேகம், என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது வானத்தில் இல்லை. வேறோர் ஊரில் ஒரு கட்டடத்தில் இயங்கும் கணிப்பொறிகளை இணையத்தின் வழியே பயன்படுத்துவதுதான் அது. போடியில் நறுமணப் பொருள்கள் வாரியம் 2007இல் மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. 2021இல் கிளவுட் முறையைக் கொண்டுவந்தது. பயன் என்ன? போடியிலோ, மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியிலோ இருந்தபடி வியாபாரிகள் ஒரே ஏலத்தில் விலை கேட்கலாம். நடக்கிறதா இல்லையா என்று எவரும் சரிபார்க்கக்கூடிய பயன் இது. ஆனால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதை விளைச்சலும் தேவையும் போட்டியும் முடிவு செய்கின்றன.

இனி, 'செயற்கை நுண்ணறிவு' உள்ள ஒரு செயலி, இலையின் படத்தைப் பார்த்துத் திராட்சை நோயைச் சொல்லும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் விற்க வருவதாக வைத்துக்கொள்வோம். சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் வெவ்வேறு நோய்க்கிருமிகளால் வருபவை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பயன்படாமல் போகலாம். செயலி தவறினால் மருந்துச் செலவும் வீண், பழமும் வீண். எத்தனை இலைகளில் சோதித்தார்கள்? அவை எந்தப் பகுதி இலைகள்? நூற்றுக்கு எத்தனை தவறின? விடை இல்லையேல், பெயர் எத்தனை பெரியதானாலும் பயனில்லை.

நீங்கள் கணிப்பொறி வாங்கினாலும், உங்கள் பள்ளி வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது என்ன செய்யும்? எந்த அளவுக்குச் செய்யும்? செய்யாவிட்டால் பொறுப்பு யாருடையது? விடைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பணத்தை எண்ணுங்கள்.