மருந்து என்றொரு பெயர்

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களில் களைக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபிறகும், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே மாநிலத்தில் மெர்கோங்கைச் சுற்றிய வயல்வெளிக்கும் மருந்து புதிதல்ல. பேர்போன மருந்து பாராகுவாட்; கிராமக்சோன் என்றால்தான் பலருக்குப் புரியும். அதைக் குடித்துவிட்டால் முறிக்க மாற்று மருந்தே கிடையாது. பிழைக்க வேண்டுமென்று மனம் மாறினாலும் பெரும்பாலும் பயனில்லை. நினைவு தப்பாமலே நுரையீரல் நாட்கணக்கில் இறுகும். முதலில் பழுப்பு நிறத்தில் விற்றார்கள். கோலா என்று ஏமாந்து குடித்தவர்கள் இருந்ததால்தான் பின்னர் நீலச்சாயமும் நாற்றமும் சேர்த்தார்கள்.

அதைக் குடித்து ஒருத்தி இறந்தால், புருஷன் குடிகாரன், வீட்டில் சண்டை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பொய்யில்லை, அடிக்கிறவனை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே குடியும் சண்டையும் நஞ்சில்லாத வீட்டிலும் உண்டு. அங்கே அழுது ஓய்ந்தவள் மறுநாள் வேலைக்குப் போகிறாள். இங்கே ஆத்திரம் ஆறுவதற்குள் போத்தல் கைக்கெட்டிவிடுகிறது.

சாகத் துணிந்தவள் வேறு வழி தேடமாட்டாளா என்பார்கள். இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 47 தற்கொலைகள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபின், 2005க்குள் அது ஏறக்குறையப் பாதியானது. மற்ற வழிகளில் இறந்தவர் தொகை அந்த அளவுக்கு ஏறவில்லை. விளைச்சலும் விழவில்லை. தென்கொரியா பாராகுவாட்டை நிறுத்தியபோதும் தற்கொலை குறைந்தது.

இங்கே மலேசியாவில், மருந்தில்லாமல் தோட்டம் ஓடாது என்ற வாதமும் இருந்தது. ஐரீன் பெர்னாண்டஸின் தெனகானித்தா அமைப்பு, தெளிக்கும் பெண்களின் மூக்கில் ரத்தம் வடிவதையும் நகம் கழல்வதையும் எடுத்துச் சொன்னது. 2002இல் அரசு பாராகுவாட்டுக்குத் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1இல். செம்பனை எண்ணெய் அதற்குப் பிறகும் கப்பலேறிக்கொண்டுதான் இருக்கிறது. பதினெட்டு ஆண்டு எதற்குக் காத்திருந்தோம்?

இறந்தவர்களை எண்ணியதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்படும்வரை, தற்கொலைக்கு முயல்வது குற்றமாக இருந்தது. உயிரோடு கொண்டுவரப்பட்டவளைப் போலீஸ் தேடிவரும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு குடும்பம் என்ன சொல்லியிருக்கும்? "தெரியாம குடிச்சிட்டா" என்றிருப்பார்கள். விபத்து என்றே பதிவாகியிருக்கும்.