புகையை விட்டவருக்கு ஏன் இவ்வளவு சினம்?

மாரடைப்புச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, உடன் வரும் மனைவியோ மகனோ எங்களிடம் தாழ்ந்த குரலில் கூறும் செய்தி ஒன்று உண்டு. "சிகரெட்டை விட்டதிலேர்ந்து யாரோடயும் முகம் கொடுத்துப் பேசுறதில்லைங்க டாக்டர். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறார். பேசாம ஒண்ணே ஒண்ணு பிடிச்சுக்கட்டுமே?" வீட்டில் அமைதி வேண்டித் தாமே பெட்டிக் கடைக்குச் சென்று சிகரெட் வாங்கிக் கொடுத்தவர்களும் உளர். அன்பினால் எழும் கேள்வியே இது. ஆயினும் அச்சினம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால், அந்த ஒரு சிகரெட்டை வாங்கிக் கொடுக்க மனம் வராது.

நிக்கோட்டின் மூளைக்கு இன்பம் தருவது என்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். உள்ளிழுத்த புகையிலிருந்து ஏறத்தாழ இருபது நொடிகளுக்குள் அது மூளையை அடைந்து டோபமினைச் சுரக்கச் செய்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கில் புகைத்தவர் மீண்டும் மீண்டும் அதை நாடுவதற்கு இன்பம் மட்டுமே காரணமன்று. துன்பத்திலிருந்து தப்பும் முயற்சியே பெரும்பங்கு வகிக்கிறது.

ஆபத்து நேரும்போது நம்மை விழிப்பூட்டுவதற்கென மூளையில் ஓர் ஏற்பாடு உள்ளது. அதன் முதன்மைத் தூதுப்பொருள் சி.ஆர்.எஃப். என்னும் சிறு புரதம். அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் வைலி வேல் என்பவரின் குழுவினர் 1981-இல் இதன் அமைப்பைக் கண்டறிந்தனர். ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து புறப்படும் இப்பொருள், பிட்யூட்டரி சுரப்பி வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக் கார்ட்டிசாலை வெளிப்படுத்துகிறது. அத்துடன், அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதியிலும் இது தனித்துச் செயல்படுகிறது. நம் கட்டுரைக்கு முக்கியமானது இந்த இரண்டாவது வேலையே.

இரத்தத்தில் உள்ள நிக்கோட்டினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நெடுநாள் பழகிய மூளையில் இந்தக் குறைவே ஓர் ஆபத்தாக உணரப்படுகிறது. 2007-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நிக்கோட்டினுக்கு அடிமையாக்கப்பட்ட எலிகளுக்கு அது விலக்கப்பட்டபோது, அவற்றின் அமிக்டலாவில் சி.ஆர்.எஃப். பெருகியது. நிக்கோட்டின் மீண்டும் கிடைத்ததும் அவை முன்னிலும் மிகுதியாக அதை எடுத்துக்கொண்டன. சி.ஆர்.எஃப். செயல்படும் ஏற்பியை ஒரு மருந்தால் அடைத்தபோது, பதற்றமும் தணிந்தது. அந்த மிகையான நாட்டமும் குறைந்தது.

ஆக, காலையில் எழுந்ததும் பற்றவைக்கும் முதல் பீடி தரும் நிம்மதி, இரவு முழுவதும் நிக்கோட்டின் குறைந்ததால் மூண்ட பதற்றம் அடங்குவதன் நிம்மதியே. கந்துவட்டிக்காரரிடம் மீண்டும் கடன் வாங்கி அவருக்கே வட்டி கட்டுவது போன்றது இது. மெல்லும் புகையிலைக்கும் இது பொருந்தும். அதிலும் இருப்பது நிக்கோட்டினே.

எலிகளில் பயன்பட்ட அவ்வகை மருந்துகள் மனிதர்களிடம் மதுப்பழக்கத்திற்கும் மனச்சோர்விற்கும் சோதிக்கப்பட்டு, எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆகவே இந்த ஏற்பாட்டை நேரடியாக அடக்கும் மாத்திரை எதுவும் இன்று எங்களிடம் இல்லை. ஆனால் நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை, வாரெனிக்லின், புப்ரோப்பியான் ஆகியவை விலகல் துன்பத்தை நன்கு குறைக்கின்றன. எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நிக்கோட்டின் கம்மைச் சாதாரண சூயிங்கம் போல இடைவிடாது மெல்லக் கூடாது. சிலமுறை மென்று கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு முந்தைய பதினைந்து நிமிடங்களில் காபி அருந்தினால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது.

காபியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் பெரும்பாலோர் அறிவதில்லை. காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் புகை தூண்டிவிடுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் தணிவதால், வழக்கமான அதே இரண்டு டம்ளர் காபி இரத்தத்தில் நெடுநேரம் தங்கிப் படபடப்பையும் உறக்கமின்மையையும் உண்டாக்கும். அதைப் புகையின் ஏக்கம் என்று எண்ணிவிடுகிறோம். முதல் சில வாரங்களுக்குக் காபி, தேநீரைப் பாதியாகக் குறையுங்கள். வேறு சில மருந்துகளின் அளவும் இதே காரணத்தால் மாற வேண்டியிருக்கலாம். எனவே புகையை நிறுத்தியதைத் தங்கள் மருத்துவர் அனைவரிடமும் தெரிவியுங்கள்.

விலகல் துன்பம் முதல் நாளிலேயே தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரிதும் அடங்கும். மருந்தின் துணையின்றி முயல்வோரில் பெரும்பாலோர் முதல் எட்டு நாள்களுக்குள்ளேயே மீண்டும் புகைத்துவிடுகின்றனர். ஆதலால் அந்நாள்களில் நிலப் பங்கீடு, கடன் கணக்கு, பிள்ளைகளின் திருமணச் செலவு போன்ற பேச்சுகளை ஒத்திவையுங்கள். கடுஞ்சொல் கேட்க நேர்ந்தால் அதை அவருடைய இயல்பாகக் கொள்ளாதீர்கள். காய்ச்சலில் பிதற்றுபவரிடம் நாம் வாதிடுவதில்லை அல்லவா? ஏக்கம் கிளம்பினால் சில நிமிடங்களில் அது தணியும். அதுவரை உடன் நடந்து வாருங்கள்.

பல மாதங்கள் கழித்தும் ஒரு துக்க வீடோ, தொழில் இழப்போ பழைய ஏக்கத்தை எழுப்பக்கூடும். அன்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டார் என்பதற்காக அவரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்வது, எந்த மன இறுக்கம் அவரைப் புகையிடம் தள்ளியதோ அதையே மேலும் கூட்டும். மறுநாளே அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள்.

"புகைத்தால்தான் மனம் அமைதியாக இருக்கும்" என்ற நம்பிக்கையும் ஆராயப்பட்டுள்ளது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரையின்படி, தொடர்ந்து புகைத்தவர்களைக் காட்டிலும் நிறுத்தியவர்களிடமே பதற்றமும் மனச்சோர்வும் மன இறுக்கமும் குறைந்திருந்தன. எனினும் ஒரு மாதம் கடந்தும் துயரமோ உறக்கமின்மையோ நீடித்தால், அல்லது வாழ்வில் பற்றற்ற பேச்சு எப்போது எழுந்தாலும், காத்திராமல் எங்கள் மனநலப் பிரிவை அணுகுங்கள். மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.