கூட்டமே இல்லாத கடற்கரை வேணுமா? மெனோர்கா தீவில் காற்றைப் பார்த்து இடம் தேடுவது எப்படி?

இரண்டு பாறைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி தண்ணீர். வெள்ளை மணல். ஒரே ஒரு ஆள் நீந்திக்கொண்டிருக்கிறார். மத்தியதரைக் கடல் தீவுகள் பற்றிய ரீல்ஸில் அடிக்கடி வரும் காட்சி இது. ஆனால் அதை நம்பி ஆகஸ்ட் மாதம் மதியம் 12 மணிக்கு அதே இடத்துக்குப் போனால், துண்டு விரிக்கக்கூட இடம் கிடைக்காது.

அப்போ ஆளில்லாத இடமே அங்கே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க கடற்கரையின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எந்த நேரத்தில் போக வேண்டும் என்ற மூன்றும் தெரிய வேண்டும். கூடவே ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. கூட்டம் இல்லாத இடத்தில் உதவிக்கும் ஆள் இருக்காது.

ஸ்பெயினின் மெனோர்கா தீவை உதாரணமாக வைத்து இதைப் புரிந்துகொள்வோம்.

மெனோர்கா எங்கே இருக்கிறது?

ஸ்பெயினுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் பலேரிக் தீவுகளில் இதுவும் ஒன்று. மயோர்கா, இபிஸா தீவுகள் இதைவிடப் பிரபலம். மெனோர்காவின் பரப்பளவு சுமார் 700 சதுர கிலோமீட்டர். கிழக்கு முனையில் தலைநகர் மஹோன், மேற்கு முனையில் பழைய நகரமான சியுடாடெல்லா. இரண்டுக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர்தான். 1993-ல் யுனெஸ்கோ இந்தத் தீவை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

இங்கே கடற்கரை என்றால் நம்ம மெரினா மாதிரி நீளமான மணல்வெளி இல்லை. பெரும்பாலும் பாறைகளுக்கு இடையே உள்வாங்கிய சின்னச் சின்னக் குடாக்கள். உள்ளூரில் இதற்கு 'காலா' என்று பெயர். ஒரு காலாவில் கூட்டம் நெருக்கியடிக்கும்போது, அடுத்த காலா காலியாகக் கிடக்கலாம்.

முதலில் காற்றைப் பாருங்கள்

மெனோர்காவில் கடலுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது வெயிலை அல்ல, காற்றை.

தீவின் வடக்குக் கரையும் தெற்குக் கரையும் முற்றிலும் வேறு. தெற்கில் சுண்ணாம்புப் பாறை, வெள்ளை மணல், பைன் மரங்கள். வடக்கில் பழமையான கரும்பாறையும் செம்பாறையும், சில இடங்களில் சிவந்த மணலும் இருக்கும்.

நம்ம ஊர் வாடைக்காற்று போல வடக்கிலிருந்து வீசும் காற்று ஒன்று அங்கே உண்டு. பெயர் 'டிரமுண்டானா'. ஆனால் வேகம் மிக அதிகம். இது வீசும் நாளில் வடக்குக் கரையில் அலை பாறையில் மோதி உடையும். அதே நேரத்தில் தெற்குக் கரையில் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். தெற்கிலிருந்து காற்று வந்தால் நிலைமை அப்படியே தலைகீழ்.

எனவே கணக்கு எளிது. வடக்கிலிருந்து காற்று என்றால் தெற்குக் கரை. தெற்கிலிருந்து காற்று என்றால் வடக்குக் கரை. மொபைலில் ஏதாவது ஒரு வானிலை ஆப்பில் காற்றின் திசையைப் பார்த்தாலே போதும். எல்லா நாளும் பிரபலமான தெற்குக் கரைக்கே போகிறவர்களுக்கு வடக்கின் அமைதியான நாட்கள் தெரிவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை: காற்று நின்றதுமே அலை நின்றுவிடாது. பலத்த காற்று வீசிய மறுநாளும் கடல் கொந்தளிப்பாக இருக்கலாம்.

20 நிமிடம் நடந்தால் என்ன கிடைக்கும்?

தீவைச் சுற்றி ஒரு முழு வட்டமாக 185 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை இருக்கிறது. பெயர் 'காமி டி கவால்ஸ்', அதாவது குதிரைப் பாதை. ஒரு காலத்தில் கரையைக் காவல் காக்க குதிரை வீரர்கள் போய்வந்த வழி. பின்னாளில் பல இடங்களில் தனியார் நிலத்துக்குள் சிக்கி அடைபட்டுக் கிடந்தது. மக்கள் போராட்டத்துக்குப் பிறகு, 2000-ல் வந்த தனிச் சட்டத்தின் உதவியோடு 2010-ல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது.

கார் நிறுத்துமிடத்திலிருந்து தூரம் கூடக் கூட ஆட்கள் குறைவார்கள். சில உதாரணங்கள்:

* காலா கல்டானா: ஹோட்டல்கள் நிறைந்த பெரிய கடற்கரை. பேருந்திலேயே போகலாம். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.
* காலா மித்ஜானா: கல்டானாவிலிருந்து சுமார் 20 நிமிட நடை. அழகு அதிகம், ஆனால் கோடையில் இங்கும் கூட்டம்தான்.
* காலா ட்ரெபலூஜர்: மித்ஜானாவைத் தாண்டி இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். காரில் போக முடியாது. நடை அல்லது படகுதான்.
* காலா ப்ரெகோண்டா: வடக்குக் கரை. பினிமெல்லா என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு சுமார் அரை மணி நேரம் நடக்க வேண்டும். எதிரே இருக்கும் பாறைத் திட்டுகள் அலையை ஓரளவு தடுக்கும்.
* காலா பிலார்: இதுவும் வடக்குதான். காட்டு வழியாக நடந்து இறங்க வேண்டும். திரும்பி வரும்போது மேட்டில் ஏற வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் பிரபலமான மகரெல்லா குடாவுக்குக் கோடை மாதங்களில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. சியுடாடெல்லாவிலிருந்து பேருந்தில் போகலாம், அல்லது கல்டானாவிலிருந்து நடக்கலாம்.

பெரும்பாலான குடாக்களில் கடை கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. ஒரு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்வது நல்லது. செருப்பைவிட ஷூ பாதுகாப்பு.

எந்த நேரம், எந்த மாதம்?

பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரைதான் நெரிசல். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையும்போது இரவு 9 மணியைத் தாண்டிவிடும். மாலை 6 மணிக்கு எல்லோரும் கிளம்பும்போது நீங்கள் போனால்கூட, நல்ல வெளிச்சத்தில் நீந்த நேரம் இருக்கும். ஆனால் காட்டுப் பாதையில் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாதம் என்று பார்த்தால் ஜூன், செப்டம்பர் இரண்டும் நல்ல தேர்வு. செப்டம்பரில் கூட்டம் குறையத் தொடங்கும், கோடையெல்லாம் சூடேறிய தண்ணீர் இதமாகவே இருக்கும். ஆனால் இலையுதிர் காலத்தில் திடீர்ப் புயல்மழை வரும். கடற்கரைப் பேருந்துகளும் குறையும்.

தனிமையின் விலை என்ன?

பெரிய கடற்கரைகளில் கோடையில் உயிர்காப்பாளரும் கொடியும் உண்டு. பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. நடந்து மட்டுமே போகக்கூடிய பல குடாக்களில் கொடியும் இல்லை, ஆளும் இல்லை. சில இடங்களில் மொபைல் சிக்னல்கூடக் கிடைக்காது. அங்கே முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான்.

* ஆழம் ஏமாற்றும்: தண்ணீர் தெளிவாக இருப்பதால் அடிமணல் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். இடுப்பளவு என்று நினைத்த இடம் தலைக்கு மேல் இருக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகளுடன் வருபவர்கள் உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரைக்குப் போவதே சரி.
* இழுவை நீரோட்டம்: அலை அடிக்கும் நாளில் கடல் உள்ளே இழுத்தால், கரையை நோக்கி மல்லுக்கட்ட வேண்டாம். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.
* கரையிலிருந்து வீசும் காற்று: தண்ணீர் அமைதியாக இருந்தாலும், காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசினால் காற்றடைத்த மெத்தை, மிதவைகளை நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். அமைதியான கரையைத் தேடிப் போகும் நாளில் இந்த ஆபத்துதான் அதிகம்.
* பாறையிலிருந்து குதிப்பது: அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தலைகீழாகக் குதித்தால் முதுகுத்தண்டு போய்விடும்.
* பாறை நிழல்: சுண்ணாம்புப் பாறையிலிருந்து கற்கள் பெயர்ந்து விழும். செங்குத்தான பாறைக்கு நேர் கீழே படுக்க வேண்டாம்.
* படகுகள்: ஸ்பெயினில் 5 மீட்டர் வரை நீளமுள்ள, 15 குதிரைத்திறன் வரையிலான சிறிய படகை லைசென்ஸ் இல்லாமலே பகலில் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். அதாவது குடாவுக்குள் வரும் படகை ஓட்டுபவர் முதல்முறை ஓட்டுபவராகவும் இருக்கலாம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் கலர் மிதவை இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

தனியாகப் போவதாக இருந்தால், எந்தக் குடாவுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர உதவி எண் 112.

கரையில் கிடப்பது குப்பையா?

ஆளில்லாத குடாக்களில் பழுப்பு நிறத்தில் காய்ந்த இலைகள் மெத்தைபோலக் குவிந்திருக்கும். பலர் முகம் சுளித்துத் திரும்பிவிடுவார்கள். அது 'பொசிடோனியா' என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. இந்தக் கடற்புல் படுகைதான் அங்கே தண்ணீர் தெளிவாக இருக்க ஒரு முக்கியக் காரணம். கரையில் குவியும் இலைகள் மணலை அலை அரித்துப் போகாமல் காக்கின்றன. பலேரிக் தீவுகளில் 2018 முதல் அமலில் உள்ள விதிப்படி, இந்தப் படுகை மேல் படகு நங்கூரம் போட்டால் அபராதம்.

மற்ற தீவுகளில் என்ன நிலைமை?

தெரிந்துவிட்ட 'ரகசிய' இடங்களைக் காப்பாற்ற, சில தீவுகள் ஆள் கணக்கே வைத்துவிட்டன. இத்தாலியின் சார்டினியா தீவில் லா பெலோசா கடற்கரைக்கு ஒரு நாளைக்கு 1,500 பேர், காலா கோலோரிட்சே குடாவுக்கு 250 பேர் என்று வரம்பு கொண்டுவரப்பட்டது. அருகில் உள்ள புதெல்லி தீவின் இளஞ்சிவப்பு மணல் கடற்கரையில் கால் வைக்க 1990-கள் முதலே தடை. சார்டினியாவில் மணலை பாட்டிலில் அள்ளிக்கொண்டு வந்தாலும் அபராதம் உண்டு. எனவே போகும் முன் முன்பதிவு தேவையா என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஸ்பெயின், இத்தாலி இரண்டுக்குமே ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். கோடை சீசனுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு முறை:

* இன்று காற்று எந்தத் திசை? நேற்று பலமாக வீசியதா?
* எவ்வளவு நடை? தண்ணீர் போதுமா?
* திரும்புவதற்குள் இருட்டிவிடுமா? கடைசிப் பேருந்து எப்போது?
* போகும் இடம் யாருக்காவது தெரியுமா?

நடந்து போய்ச் சேர்ந்த பிறகு கடல் சரியில்லை என்று தோன்றினால், இறங்காமல் திரும்பிவிடுங்கள். தீவின் மறுபக்கம், காரில் ஒரு மணி நேரத்துக்குள், அமைதியான தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம்.