பழமனைச் சாளரமும் புதுத் தச்சும்

பழைய மனையொன்றைச் செப்பனிடுவோர் கூரையையும் சுவரையும் பற்றிக் கொள்ளுங் கவலையிற் சிறு பங்கேனும் சாளரத்தைப் பற்றிக் கொள்வதில்லை. ஆயினும், வீட்டின் முகத்திலே அதன் காலத்தை எழுதிவைப்பது பெரும்பாலும் சாளரமேயாம். இங்கிலாந்தில் யோர்ச் மன்னர் நால்வர் ஆட்சியில் (1714–1830) எழுந்த வீடுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வீடுகளின் சாளரம் எமது யன்னலைப்போலக் கீலிற் சுழன்று திறப்பதன்று. (யன்னல் என்னுஞ் சொல்லே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்றதுதான்.) இரண்டு கண்ணாடிக் கதவுகள் ஒன்றன்முன் ஒன்றாக மேலுங் கீழுஞ் சறுக்கும். கதவின் பாரத்தைச் சமன்செய்யும் இரும்பு அல்லது ஈயக் கட்டிகள் கப்பியிற் செல்லுங் கயிற்றிலே கோக்கப்பட்டு, நிலையின் இருமருங்குமுள்ள பெட்டிக்குள் மறைந்து தொங்கும்.

அக்காலத்துச் சிறந்த கண்ணாடி, ஊதிச் சுழற்றிய வட்டத்தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. பெரிய துண்டு கிடைத்தல் அரிது. ஆகவே, கதவொன்றிற் பல சிறு கண்ணாடிகளை மெல்லிய சட்டங்களாற் பிணைத்தனர். இச் சிறுசட்டத்தின் அகலமே காலத்தைக் காட்டும் அளவுகோல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலமாயிருந்த அது, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓரங்குலமளவுக்கும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரை அங்குலத்தை அடுத்தும் மெலிந்தது. நிலை அமைந்த இடமும் ஓரளவு உதவும். தீக்கு அஞ்சி, 1709ஆம் ஆண்டின் சட்டம் இலண்டனில் மரநிலையைச் சுவர்முகத்திலிருந்து நான்கங்குலம் உள்ளே தள்ளவும், 1774ஆம் ஆண்டின் சட்டம் பெட்டியைச் செங்கல்லின் பின்னே மறைக்கவும் விதித்தன. நாட்டுப்புறத்தார் இவற்றை உடனே பின்பற்றவில்லை. ஆதலால் இதனை மட்டும் நம்பி ஆண்டு கணித்தல் தகாது.

1845இற் கண்ணாடித் தீர்வையும் 1851இற் சாளர வரியும் நீங்கின. பெரிய, பாரமான கண்ணாடிகள் பரவின. நடுச்சட்டங்களின் துணையிழந்த கதவின் மூலைப் பொருத்து தளர்வதைத் தடுக்க, பக்கச் சட்டத்தை மூலைக்கப்பால் ஒரு கொம்புபோல நீட்டிவிடுதல் வழக்காயிற்று. இன்று புதிதாகச் செய்யப்படும் “யோர்ச் காலச்” சாளரங்கள் பலவற்றிலே, பன்னிரு சிறு கண்ணாடிகளோடு இக்கொம்பும் சேர்ந்து காணப்படுகின்றது! காரணமறியாது வடிவத்தை மாத்திரம் பார்த்துச் செய்வதால் நேரும் வழுவிது.

தேர்ந்த தச்சன் விற்பனைப் பட்டியலைப் புரட்டுவதில்லை. எஞ்சிய சட்டமொன்றிற் படிந்த சாயப் படைகளை நீக்கி, அதன் குறுக்குவெட்டை அச்செடுத்து, அதற்கிசையச் சீவுளியின் அலகைத் தீட்டுகின்றான். வீதியின் ஒரே வரிசையிலுள்ள இரண்டு வீடுகளின் விளிம்பு வளைவுகளும் ஒன்றாயிரா என்பதை அவன் அறிவான்.

ஆனால், புதியது செய்யுமுன் பழையது பிழைக்குமா என்று பார்த்தல் வேண்டும். வில்லியம் மொறிசு முதலானோர் 1877இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் கொள்கையும் இதுவே. பழஞ்சாளரங்களுக்குப் பயன்பட்ட பைன் மரம் மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்தது. விரைந்து வளர்க்கப்படும் இன்றைய மரம் பெரும்பாலும் அவ்வளவு காலம் ஈரத்தைத் தாங்காது. எனவே, உக்கிய அடிச்சட்டத்தை மாத்திரம் வெட்டி நீக்கி, நல்மரத்தை ஒட்டிணைத்தலே பல வேளைகளிற் போதுமானது. முழுக் கதவையுங் கழற்றி எறிவோர், சற்றே நெளிந்து ஒளியைச் சிதறவிடும் பழங்கண்ணாடியையும் உடன் இழக்கின்றனர். பின்னர் அதனைப் பெறுதல் எளிதன்று.

குளிரே இதில் உண்மையான இடர்ப்பாடு. வெப்பங் காக்கும் இரட்டைக் கண்ணாடி தடித்தது. அதனைத் தாங்க அரையங்குலச் சட்டம் போதாது. சட்டத்தைப் பருக்கச் செய்தால் வீட்டின் முகம் கெடும். செய்யாவிடின் உள்ளே வாழ்வோர் நடுங்குவர். வாழ்வோரைப் புறக்கணித்துப் பழமை பேணுதல் எமக்கு உடன்பாடன்று. பழஞ்சாளரத்தைத் தொடாது, அறையின் உட்புறத்திலே தனிக் கண்ணாடிக் கதவொன்றை அமைப்பது இரு குறைகளையும் பெரிதுந் தவிர்க்கின்றது. வேண்டாதபோது அதனைக் கழற்றியும் வைக்கலாம்.