உரியும் அதளும்: பெருவிலங்குத் தோலை உரித்துப் பேணும் முறையும் அதன் சொல்வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

வேட்டையில் வீழ்ந்த பெருவிலங்கின் தோலை உரித்துக் கெடாமல் காப்பது தென்னிந்தியாவில் 1970கள் வரை நடைமுறையில் இருந்த தொழில்நுட்பம். சட்டத்தால் அவ்வேட்டை முடிவுற்றபின் அதன் செய்முறை அறிவும் மறைந்து வருகிறது. அச்செய்முறையை இக்கட்டுரை விளக்குகிறது. மைசூரின் வான் இங்கன் நிறுவனத்தைச் சான்றாகக் கொள்கிறது. தோல் குறித்த பழந்தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் காண்பதற்கும், அருங்காட்சியகத் தோல்களைச் சான்றாகப் பயன்படுத்துவதற்கும் இவ்வறிவு இன்றியமையாதது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உரி, அதள், பச்சை, பதனிடல், வான் இங்கன், வனவிலங்குச் சட்டம்.

முன்னுரை

தமிழில் தோலைச் சுட்டும் சொற்கள் பல. தோல், அதள், உரி, உரிவை, பச்சை என்பன அவற்றுள் சில. நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்தன. ஆயினும் தொழில் செய்வோர் நோக்கில், உடலினின்று அப்போதே நீக்கிய தோலும், உலர்த்திய தோலும், மயிர் நீக்கிப் பதனிட்ட தோலும் தன்மையால் வேறுபட்ட மூன்று பொருள்கள். இவ்வேறுபாட்டை அறியாது உரை காணும்போது பிழைகள் நேர்கின்றன. ஆதலின் முதலில் செய்முறையை நோக்குதல் தகும்.

உரித்தல்

விலங்கு இறந்தவுடன் அதன் குடலிலும் தோலிலும் உள்ள நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்குகின்றன. வெப்பநாட்டில் சில மணி நேரத்திலேயே மயிர்க்கால்கள் தளர்ந்து மயிர் கொத்துக்கொத்தாக உதிரும். மயிருடன் காக்கவேண்டிய தோலுக்கு இதுவே முதற்பகை. எனவே உரித்தல் விரைவாகவும் நிழலிலும் நடைபெற்றது.

புலி, சிறுத்தை போன்றவற்றில் தாடையிலிருந்து வயிற்றின் நடுவாக வால்நுனி வரை ஒரு நேர்க்கீறல் இடப்படும். நான்கு கால்களின் உட்புறமாகப் பாதம் வரை செல்லும் கீறல்கள் அதனோடு இணையும். கீறல்கள் உட்புறமாக அமைவதால் முதுகின் வரிகள் சிதைவதில்லை. நகத்தைத் தாங்கும் கடைசி விரலெலும்பு தோலோடே விடப்படும். காதின் குருத்தெலும்பினின்று தோலைப் பிரித்து உட்புறம் வெளியாகத் திருப்புதல், உதடுகளை உட்புறமாகப் பிளத்தல், இமைகளைக் கிழியாமல் எடுத்தல் ஆகிய மூன்றுமே உரிப்பவரின் கைத்திறனுக்கு உரைகல். இவ்விடங்களில் சதை எஞ்சினால் உப்பு ஊடுருவாது. அழுகலும் அங்கேதான் தொடங்கும். காட்டெருது, யானை போன்ற தடித்த தோலுடைய விலங்குகளில் உட்புறத்தைச் சீவி மெல்லியதாக்க வேண்டும். யானைத் தோல் பகுதி பகுதியாகவே பிரிக்கப்பட்டது.

காத்தல்

உரித்த தோலினின்று கொழுப்பையும் சதையையும் வழித்தெடுத்தபின் உட்புறம் முழுதும் உப்பு தேய்க்கப்படும். உப்பு தோலின் நீரை ஈர்த்து வெளியேற்றுகிறது. நீர் குறைந்த இடத்தில் நுண்ணுயிர் பெருகாது. அடுத்து நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் மேற்பரப்பு விரைந்து இறுகி உள்ளீரத்தைச் சிறைப்படுத்திவிடும். வெளியே காய்ந்த தோல் உள்ளே அழுகும். மேலும் ஈரத்தோலின் வெப்பம் ஏறத்தாழ 60 பாகை செல்சியசைக் கடந்தால் அதன் கொலாசன் இழைகள் சுருங்கிக் கூழாகத் தொடங்கும்.

உப்பிட்டு உலர்த்துவது தற்காலிகக் காப்பே. நிலையான காப்புக்கு இரு வழிகள் உண்டு. மயிருடன் வைக்க வேண்டிய தோலைப் படிகாரமும் உப்பும் கலந்த கரைசலில் ஊறவைத்து மென்மையாக்குவது ஒன்று. சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரை நீக்கி, ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய துவர்ப்புப் பொருள்களில் பதனிடுவது மற்றொன்று. சுண்ணாம்பின் காரம் மயிர்வேரைக் கரைப்பதால் இவ்விரண்டாம் வழி வேட்டைத் தோலுக்குப் பொருந்தாது. சென்னை மாகாணத்தின் புகழ்பெற்ற ஆவாரந்தோல் வணிகம் மாடு, ஆட்டுத் தோல்களைச் சார்ந்து வளர்ந்தமைக்கும், வேட்டைத் தோல்கள் தனித் தொழிற்கூடங்களை நாடியமைக்கும் இவ்வேதியியல் வேறுபாடு ஒரு காரணமாகும்.

மைசூர் வான் இங்கன்

அத்தகைய தொழிற்கூடங்களுள் தலையாயது மைசூரில் யூஜின் வான் இங்கன் நிறுவியது. ஏறத்தாழ 1900 முதல் 1999 வரை இயங்கிய இந்நிறுவனத்தைப் பின்னர் அவர்தம் மைந்தர்கள் நடத்தினர். சமஸ்தான மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் உப்பிட்ட தோல்களை இங்கு அனுப்பிவைத்தனர். அச்சுகளில் வார்த்த காகிதக்கூழ் உருவங்களின் மேல் தோலைப் போர்த்தி, விலங்கு உயிருடன் இருப்பதுபோல் அமைத்துத் தந்தனர். நிறுவனத்தின் வரலாற்றை எழுதிய பேட் மாரிஸ், இங்குப் பணி செய்யப்பட்ட புலி, சிறுத்தைகளின் தொகை 43,000க்கும் மேல் எனக் கணித்துள்ளார். ஒரே ஒரு தொழிற்கூடத்தின் கணக்கு இது. தென்னிந்தியக் காடுகள் இழந்தவற்றின் அளவை உணர்த்தும் ஆவணமாக இத்தொகையைக் கொள்ளலாம்.

சட்டமும் முடிவும்

நீலகிரியில் 1879ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது வேட்டையை ஒழுங்குபடுத்தியதேயன்றி ஒழிக்கவில்லை. புலிவேட்டை நாடு முழுவதும் 1970இல் தடைசெய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணை விலங்குகளின் தோல் முதலிய பொருள்களின் வணிகத்தைத் தடுத்தது. பழைய தோல்களை வைத்திருப்போர் உரிமைச் சான்று பெறவேண்டும். மரபுரிமையாகப் பெற்றவர் 90 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். சான்று பெற்றவர் தாமே முன்வந்து அரசிடம் ஒப்படைக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது.

பெருவிலங்கு வேட்டையைச் சாராதோரையும் இம்மாற்றம் தொட்டது. இன்றைய திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளில் வாழும் இருளர்களுக்குப் பாம்புத் தோல் ஒரு வாழ்வாதாரமாக இருந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைப்பட்டபோது அவ்வருவாய் நின்றது. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து விற்கும் வழியைக் காட்டியது. விலங்கை அறியும் திறன் தோலினின்று விடுபட்டு வேறு பயன் பெறக்கூடும் என்பதற்கு இது சான்று. மைசூர்க் கூடத்தின் கைத்திறனுக்கு அத்தகைய மாற்றுவழி அமையவில்லை.

ஆய்வுக்குப் பயன்

இச்செய்முறை அறிவு ஆய்வாளருக்கு மூன்று வகையில் உதவும்.

முதலாவது, சொற்பொருள். சங்க இலக்கியம் கூறும் மயிர்க்கண் முரசு, மயிர் நீக்காத ஏற்றுத்தோல் போர்த்தது. மயிர் நிற்பதால் சுண்ணாம்பு இடப்படவில்லை என்பது தெளிவு. மேலும் துவர்ப்பூட்டிப் பதனிட்ட தோல் மென்மையுற்று ஓசை மழுங்கும். இறுகக் காய்ந்த பச்சைத்தோலே முழங்கும். எனவே முரசின் தோலைப் பதனிட்ட தோல் என உரைப்பது பொருந்தாது. இன்றும் தோல் வணிகர் பதனிடாத தோலைப் பச்சைத்தோல் என்றே வழங்குகின்றனர். யாழின் போர்வைத் தோலைப் பச்சை எனக் குறிக்கும் பழைய ஆட்சியோடு இவ்வழக்கை ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. அவ்வாறே தேவாரத்தில் யானையுரி குறித்து வரும் ஈருரி என்னும் சொல்லை ஈரமான உரி எனவும் ஈர்த்தெடுத்த உரி எனவும் பிரிக்கலாம். புதிதாக உரித்த தோல் ஈரமும் குருதியும் உடையது என்னும் நடைமுறை உண்மை முதற்பொருளுக்கு வலுச்சேர்க்கிறது.

இரண்டாவது, அளவுச் சான்று. ஈரத்தோலை முளையடித்து இழுத்துக் காயவைத்தால் அது விலங்கின் நீளத்தைவிட நீண்டுவிடும். ஆதலின் அரண்மனைச் சுவரிலுள்ள தோலின் நீளத்தைக் கொண்டு புலியின் உருவளவைக் கூற இயலாது. உரிப்பதற்குமுன் உடலை அளந்த குறிப்பே நம்பத்தக்கது. அக்குறிப்பிலும் மூக்குமுனை, வால்நுனி ஆகியவற்றில் முளையடித்து நேர்கோட்டில் அளந்ததா, உடலின் வளைவையொட்டி அளந்ததா எனக் காணவேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. பூச்சி அரிக்காமலிருக்க வெள்ளைப் பாடாணம் கலந்த சவர்க்காரத்தைத் தோலின் உட்புறம் பூசும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி உலகெங்கும் பரவியது. அந்நஞ்சு ஆண்டுகள் பல கடந்தும் நீங்குவதில்லை. சமீன் மாளிகைகளிலும் கல்லூரி விலங்கியல் துறைகளிலும் உள்ள பழைய பாடம் செய்த விலங்குகளைக் கையாளும் ஆய்வாளர் கையுறையும் முகக்கவசமும் அணிதல் கட்டாயம்.

முடிவுரை

வேட்டை ஒழிந்தது வரவேற்கத்தக்கது. அதனை மீட்கவேண்டிய தேவை எவ்வகையிலும் இல்லை. ஆனால் அத்தொழிலோடு வளர்ந்த சொற்களும் செய்முறைக் குறிப்புகளும் பதிவின்றி மறைந்தால், இலக்கியத்தில் தோல் பற்றி வரும் இடங்களை விளக்கவும் எஞ்சிய தோல்களை மதிப்பிடவும் நமக்கு அளவுகோல் இராது. தோல் தொழிலாளர், வனத்துறை முதியோர், பழங்குடியினர் ஆகியோரிடம் எஞ்சியிருக்கும் தொழிற்சொற்களைத் தொகுப்பது உடனடிப் பணியாகும். மாவட்டந்தோறும் நடைபெறும் வட்டார வழக்கு ஆய்வுகள் இத்துறையையும் தம் வினாநிரலில் சேர்த்துக்கொள்வது அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.